வேலியும் மதிலும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே பொத்துவிலை நோக்கிச் செல்லும் கடலோரப் பெருவீதியில் பயணம் செய்வோர், பெயர்ப் பலகைகளைப் பாராமலே தாம் எந்தச் சமூகத்தவரின் ஊரைக் கடந்து செல்கின்றோம் என்பதை அறிந்துகொள்ளலாம். கோபுரம் தெரிந்தால் தமிழர் ஊர். மினாரா தெரிந்தால் முஸ்லிம்களின் ஊர். பெரிய நீலாவணை தமிழர் வாழ்வது. அடுத்து வரும் மருதமுனை, நெசவுக்குப் பெயர்பெற்ற முஸ்லிம் ஊர். அதனை அடுத்த பாண்டிருப்பு தமிழருடையது. பின்னர் இரு சாராரும் கடை வைத்திருக்கும் கல்முனைப் பட்டினம். அதனைத் தாண்டினால் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் முஸ்லிம் ஊர்கள். விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டு பிறந்த காரைதீவு தமிழர் ஊர். நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை ஆகியன மீண்டும் முஸ்லிம் ஊர்கள். அக்கரைப்பற்றில் இரு சாராரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். தம்பிலுவிலும் திருக்கோவிலும் தமிழருடையவை. இரு நிற மணிகளை மாறி மாறிக் கோத்த மாலை போல இக்கரை கிடக்கின்றது.

இவ்விரு சாராரும் பேசுவது ஒரே தமிழ். உண்பது அடுத்தடுத்த வட்டைகளில் விளைந்த நெல். கடைத்தெருவில் தோளோடு தோள் உரச நின்று பேரம் பேசுகின்றனர். பொழுது சாய்ந்ததும் தத்தம் ஊருக்குப் பிரிந்து போகின்றனர். வீட்டுக்கு வீடு கலந்து வாழும் தெரு மிக அரிது. இஃது ஏன்?

"பகைதான் காரணம்" என்பர் சிலர். "ஆதி முதலே அப்படித்தான்" என்பர் வேறு சிலர். இரண்டும் ஆராயாது சொல்லும் விடைகள் என்பதே நம் கருத்து. இம்மாலையைக் கோத்தவை ஒன்றல்ல, நான்கு கைகள். எந்தக் கை எந்த முடிச்சைப் போட்டது என்பதை அறிந்தாலன்றி, எதனை அவிழ்க்க வேண்டும், எதனை அப்படியே விட்டுவிடலாம் என்பது புலப்படாது.

தாய் தந்த வீடு

முதலாவது கை ஒரு தாயின் கை.

தமிழ்நாட்டில் "புகுந்த வீடு" என்றால் பெண் புகுந்த வீடு என்பதே பொருள். கிழக்குக் கரையில் புகுபவன் மாப்பிள்ளை. பெண் பிள்ளை பிறந்த வளவிலேயே நிற்கிறாள். ஆண் பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவியின் வீட்டுக்குச் செல்கிறான். மூத்த மகளுக்குத் திருமணமானதும் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ அருகிலோ இன்னொரு வீடு கட்டி இளைய பெண்களோடு ஒதுங்குகின்றனர். அடுத்தவளுக்குத் திருமணமானால் அந்த வீடும் அவளுக்கே. இவ்வாறு ஒரு தாயின் வளவைச் சுற்றி அவள் மகள்மாரும் பேத்திமாரும் வரிசையாக வாழ்கின்றனர். சகோதரிகள் கூடி வாழும் தெரு என்று இதனைச் சொல்லலாம்.

இம்முறை இந்துக்களுக்கு மட்டும் உரியதன்று, முஸ்லிம்களுக்கும் உரியது. இரு சாராரிடத்திலும் தாய்வழியாக வரும் "குடி" முறை உண்டு. கோயிலில் வண்ணக்கராவதும் பள்ளிவாசலில் மரைக்காயராவதும் குடியின் பெயராலேயே நெடுங்காலம் நடந்து வந்தன. அமெரிக்க மானிடவியல் அறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல்லாண்டுகள் தங்கி ஆராய்ந்து எழுதியதும் இதனையே. மதத்தால் வேறுபட்ட இரு மக்கள், குடும்ப அமைப்பில் உடன்பிறந்தார் போல ஒத்திருக்கின்றனர்.

இதன் விளைவு என்ன? வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது, சந்தைக்கு வருவதில்லை. சந்தைக்கு வராத வீட்டை அயலான் எவ்வாறு வாங்குவான்? தெருவுக்குள் புதிதாக நுழைபவன் மருமகன் ஒருவனே. திருமணம் மதத்துக்குள்ளேயே நடைபெறுவதால், அவனும் அதே சமூகத்தவன். எவரும் எவரையும் வெறுக்காமலே, எவரும் எவரையும் தடுக்காமலே, தெரு ஒரே சமூகத்தின் தெருவாக நூறாண்டுகள் நின்றுவிடும். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற தாயின் ஆசையைக் குற்றம் என்று யார் சொல்ல முடியும்?

இங்கே நம்மவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்துக்களாகிய நாம், அயலூராரின் ஒதுக்கத்தைப் பற்றிப் பேசுமுன் நம் ஊருக்குள்ளே பார்க்க வேண்டும். இன்ன சாதியார் இன்ன தெருவில், தொண்டு செய்வோர் ஊரின் ஓரத்தில் என்ற ஏற்பாட்டை அமைத்தவர் அயலூரார் அல்லர். தாயின் ஆசையால் வந்த ஒதுக்கம் வேறு. இழிவென்று தள்ளி வைத்ததால் வந்த ஒதுக்கம் வேறு. பின்னதற்கு நாம் எந்த நியாயமும் சொல்ல இயலாது.

தோமஸ் ஷெல்லிங் என்னும் பொருளியல் அறிஞர் 1971ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இரு வகைக் காய்களைக் கலந்து வைக்க வேண்டும். தன் அயலில் தன் இனத்தவர் மூன்றில் ஒரு பங்கினராவது இருந்தால் போதும் என்று ஒவ்வொரு காயும் விரும்புவதாகக் கொள்ள வேண்டும். அந்த அளவு அமையாத காய்களை வேறு கட்டத்துக்கு நகர்த்திக்கொண்டே போனால், சில சுற்றுகளில் பலகை முழுவதும் இரண்டு நிறத் திட்டுகளாகப் பிரிந்துவிடுகிறது. எந்தக் காயும் முழுப் பிரிவை விரும்பவில்லை. ஆயினும் பிரிவு வந்துவிடுகிறது. நம் மாணவர்கள் ஒரு காகிதத்தையும் இரண்டு வகை நாணயங்களையும் கொண்டு இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சிறு விருப்பங்கள் கூடிப் பெரும் பிரிவைச் செய்யும் என்ற பாடம் அதிலுண்டு.

ஆகவே முதலாவது கை கட்டியது வேலி. கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதன் வழியே அயல்வீட்டுக் குழந்தை நுழைந்து வரும். ஒரு கிண்ணம் கறி போகும். நெருப்புக்கு ஒரு கொள்ளி வரும். ஊர்களுக்கிடையேயும் அத்தகைய பொட்டுகள் இருந்தன. தமிழ்ப் போடியாரின் வயலில் முஸ்லிம் குத்தகைக்காரரும், முஸ்லிம் போடியாரின் வயலில் தமிழ்க் குத்தகைக்காரரும் வேளாண்மை செய்தனர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை பெயரால் கொடியேறும்போது இந்துக்களும் நேர்த்தியோடு சென்றனர். பெரிய நீலாவணையின் நீலாவணன், பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கம், கல்முனைக்குடியின் எம். ஏ. நுஃமான் என்று அடுத்தடுத்த ஊர்க் கவிஞர் மூவர் ஒரே இலக்கிய வட்டத்தில் வளர்ந்தது இம்மண்ணில்தான். வாழும் ஊர் வேறாயிருந்தும் வாழ்க்கை வேறாயிருக்கவில்லை.

அச்சம் எழுப்பிய மதில்

இரண்டாவது கை அச்சத்தின் கை. இது வேலியைப் பிடுங்கி மதிலை எழுப்பியது.

1956ஆம் ஆண்டு கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் வன்முறை வெடித்து, அங்கிருந்த தமிழர் பலர் உயிர் தப்பிக் கரையோரத்துக்கு ஓடிவந்தனர். "எண்ணிக்கையில் குறைந்த இடத்தில் வாழ்வது ஆபத்து" என்ற எண்ணம் அப்போதே விதைக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டு ஏப்ரலில் காரைதீவில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டு வீடுகள் எரிந்தன. 1990ஆம் ஆண்டு நிகழ்ந்தவை அதனினும் கொடியவை. அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள், வடக்கே மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடியில், பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். சில நாள் கழித்து ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 12ஆம் நாள் சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களை ஊர்காவற் படையினர் கொன்றனர். எஞ்சியோர் ஊரைவிட்டு வெளியேறிச் சில ஆண்டுகள் கழித்தே திரும்பினர்.

கொன்றவர்கள் ஆயுதம் ஏந்திய சிலர். இறந்தவர்களோ தொழுதவர்களும் தஞ்சம் புகுந்தவர்களும். ஆயினும் அச்சம் இந்த வேறுபாட்டைப் பாராது. அக்கிரமம் செய்தவனின் முகத்தை அது அவன் ஊர் முழுவதற்கும் ஒட்டிவிடும்.

ஊரெல்லைத் தெருக்களிலேதான் இதன் விளைவு தெளிவாய்த் தெரிந்தது. இரு ஊர்களும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் கலந்து வாழ்ந்த சில குடும்பங்கள், தத்தம் சமூகத்தவர் செறிந்த பகுதிக்குள் நகர்ந்தன. சிலர் காணியை வந்த விலைக்கு விற்றனர். சிலர் பூட்டிவிட்டுப் போயினர். தூரத்து வட்டைகளில் வயல் வைத்திருந்தோர் பல போகங்கள் அங்கே செல்ல அஞ்சினர். வயலுக்குப் போகாதபோது குத்தகை உறவு அறுந்தது. குத்தகை உறவு அறுந்தபோது, திருமணத்துக்கும் சாவீட்டுக்கும் வந்து போகும் பழக்கமும் அறுந்தது. கல்வியும் இதற்கு விலக்கில்லை. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு முஸ்லிம் மாணவர் போய்வர இயலாத நிலையிலேயே, ஒலுவிலில் 1995இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்று, மறு ஆண்டில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இன்று அது நாட்டின் எல்லாச் சமூகத்து மாணவரும் பயிலும் இடமாயிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அதன் பிறப்புக்கு அச்சமும் ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது.

தாயின் ஆசை வீட்டை விற்காமல் வைத்திருந்தது. அச்சமோ, விற்க விரும்புபவனையும் தடுத்தது. "ஊர்க் காணியை வெளியாருக்குக் கொடுக்காதே" என்ற பேச்சு இரு பக்கத்திலும் எழுந்தது. இது ஆசையன்று, காவல். ஆசையால் நிற்கும் வேலியைக் கடக்க ஒருவர் விரும்பினால் கடக்கலாம். காவலால் நிற்கும் மதிலைக் கடக்க முயல்பவர் தம் சொந்த ஊராருக்கே துரோகியாகிறார். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் இக்காவல் இன்னும் இறுகிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சாய்ந்தமருதில் பயங்கரவாதிகள் மறைந்திருந்த வீட்டைப் பற்றி ஐயுற்றுத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. இவ்வுண்மையை நாட்டில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கின்றனர்?

கடல் பறித்த நிலம்

மூன்றாவது கை நிலத்தின் கை; நிலமில்லாமையின் கை என்பதே பொருத்தம்.

கல்முனைக் கரை ஓர் ஒடுங்கிய மணற்பட்டி. கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயலும் நீர்நிலைகளும். கல்முனை மாநகர எல்லைக்குள், ஏறக்குறைய 23 சதுர கிலோமீற்றரில், 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி ஏறக்குறைய ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அந்தப் பரப்பிலும் ஒரு பகுதி வயல். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு என்ற மரபும் இந்த நெருக்கமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. பாட்டியின் வளவு மூன்றாகி, மூன்று ஒன்பதாகி, இன்று சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றது. கிடுகு வேலிக்கு இடமில்லை. கல் மதிலே காணியை மிச்சப்படுத்துகிறது. மத்திய கிழக்கில் உழைத்த பணம் மேல்மாடியாக எழுகிறது. இருபது பேர்ச்சஸ் காணிக்காக இளம் குடும்பங்கள் வயலோரத்தையும் அயலூர் எல்லையையும் பார்க்கின்றன. அங்கே ஓர் ஊரின் தேவை மற்றோர் ஊருக்குப் படையெடுப்பாகத் தோன்றுகிறது.

இந்த நிலையில்தான் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிற்று. நாட்டிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று அலை ஊர்ப் பெயர் பாராமல் வாரிச் சென்றது. அந்தச் சில நாட்கள் கோயிலும் பள்ளிவாசலும் பாடசாலையும் எல்லோருக்கும் அடைக்கலமாயின.

ஆனால் நிவாரணம் முடிந்து வீடமைப்புத் தொடங்கியதும் பழைய கேள்வி திரும்பி வந்தது: எங்கே கட்டுவது? வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முதலில் விதித்தார்கள். 200 மீற்றர் அகலமான பட்டியை இவ்வொடுங்கிய கரையிலிருந்து வெட்டிவிட்டால் எஞ்சுவது என்ன? பின்னர் இப்பகுதியில் அது 65 மீற்றராகக் குறைக்கப்பட்டது. மருதமுனையில் இன்றும் "65 மீற்றர் வீட்டுத் திட்டம்" என்ற பெயர் மக்கள் வாயில் வழங்குவது அதனாலேயே.

அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு 500 வீடுகள் கட்டப்பட்டன. அவை முஸ்லிம்களுக்கே போகும் என்று எதிர்ப்பு எழுந்தது, வழக்குத் தொடரப்பட்டது. வீடுகளை இன விகிதாசாரப்படி எல்லோருக்கும் பகிர வேண்டும் என்று 2008இல் உயர் நீதிமன்றம் கூறிற்று. விளைவு யாது? வீடிழந்தோர் வீடின்றியிருக்க, கட்டிய வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து புதர் மண்டின. கடல் பறித்ததை மனிதர் கட்டியும் கொடுக்க முடியாமற் போன கதை இது. யார் பக்கம் நியாயம் என்று வாதிடுவோர் வாதிடட்டும். மழைக்கு ஒதுங்க இடமின்றி நின்ற தாய்க்கு அந்த வாதத்தால் ஒரு கூரையும் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. புதிய மாடித் தொடர் வீடுகளில் மகளுக்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்ட இயலாது. நிவாரண வீடுகளின் உறுதிகளும் பெரும்பாலும் "குடும்பத் தலைவர்" என்ற பெயரில் ஆண்களுக்கே எழுதப்பட்டன. தாய்வழி வீடு என்ற பழைய வேர் இவ்வாறு எவரும் எண்ணாமலே அறுபடத் தொடங்கிற்று. வேலியைக் கட்டிய கை தளர்ந்துவிட்டது. மதிலைக் கட்டிய கை மட்டும் தளரவில்லை. இக்காலத்தின் சிக்கல் இதுவே எனலாம்.

பேனா கீறிய கோடு

நான்காவது கை அதிகாரத்தின் கை. அது பேனாவால் கோடு கீறும்.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. காட்டை வெட்டி, நீரைத் தேக்கி, குடியேற்றங்களை அமைத்தார்கள். குடியேறியோரில் சிங்களவரே மிகுதி. 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதியைப் பிரித்து அம்பாறை மாவட்டத்தை உண்டாக்கினார்கள். 1963ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இம்மாவட்ட மக்களில் சிங்களவர் ஏறக்குறைய 29 வீதம். 2012இல் ஏறக்குறைய 39 வீதம். 2012இல் முஸ்லிம்கள் 43 வீதத்தினர். தமிழர் 17 வீதத்தினர். எண்ணிக்கை மாறும்போது எண்ணப்படுவோரின் மனமும் மாறுகிறது. தமிழர், "நாம் சிறுத்துப் போகின்றோம்" என்று அஞ்சுகின்றனர். முஸ்லிம்கள், "பெரும்பான்மையாய் இருந்தும் மாவட்டத் தலைநகர் நமக்குத் தொலைவு" என்று குறைப்படுகின்றனர். இருவரும் தத்தம் ஊர் எல்லையைக் கோட்டையாக எண்ணத் தொடங்குகின்றனர்.

அவ்வெண்ணத்துக்கு அலுவலகங்களும் சாட்சி. கல்முனைப் பெருவீதியில் சிறு தொலைவுக்குள் இரண்டு பெரிய வைத்தியசாலைகள் இருக்கின்றன: வடக்கே ஆதார வைத்தியசாலை; தெற்கே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. தமிழர் செறிந்த வடக்குப் பகுதிக்கு முழு அதிகாரமுள்ள பிரதேச செயலகம் வேண்டும் என்ற தகராறு பல்லாண்டுகளாக நீண்டு, 2019 ஜூனில் உண்ணாவிரதமாக வெடித்தது. இதனை மதப் பிரிவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சாய்ந்தமருது முஸ்லிம்கள், கல்முனை முஸ்லிம்களிடமிருந்து பிரிந்து தனி உள்ளூராட்சி சபை வேண்டும் என்று போராடினர். 2020 பெப்ரவரியில் அதற்கு வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்து, சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. பங்கு சிறிதானால் ஒரே தொழுகை வரிசையில் நிற்போரும் எல்லைக் கல் நாட்ட விரும்புவர். காணி, வேலை, வாக்கு ஆகிய மூன்றும் ஊர் எல்லையைக் கொண்டே பகிரப்படும் வரையில், எல்லை மேலும் மேலும் தடிக்கவே செய்யும்.

அயல்நாடுகள் கற்பித்தவை

இந்நான்கு கைகளையும் உலகின் பிற இடங்களிலும் காணலாம். அமெரிக்காவில் 1930களில் அரசாங்க நிறுவனம் ஒன்று நகரப் படங்களுக்கு வர்ணம் தீட்டி, கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பால் குறித்தது. அங்கே வீட்டுக் கடன் கிடைப்பது அரிதாயிற்று. புறநகர் வீட்டு உறுதிகளில், "கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது" என்ற நிபந்தனை எழுதப்பட்டது. 1948இல் உச்ச நீதிமன்றம், அந்நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று தீர்த்தது. 1968இல் வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்தது. ஆயினும் சட்டம் வந்ததும் அச்சம் போய்விடவில்லை. ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவந்ததும், "வீட்டின் விலை விழுந்துவிடும்" என்று வெள்ளையர் பலர் விற்றுவிட்டு ஓடினர். ஓடியதாலேயே விலை விழுந்தது.

சிக்காகோவை அடுத்த ஓக் பார்க் என்னும் சிறு நகரம் வேறு வழி கண்டது. 1968இல் அது தன் எல்லைக்குள் பாகுபாட்டைத் தடை செய்தது. 1972இல், வீடு தேடுவோரை எல்லாத் தெருக்களுக்கும் பரவலாக வழிநடத்தும் நிலையம் ஒன்று அங்கே எழுந்தது. 1970களின் இறுதியில், வீட்டின் விலை வீழ்ந்தால் ஈடு செய்யும் காப்புறுதித் திட்டத்தையும் அந்நகரம் ஏற்படுத்திற்று. "அண்டை வீட்டாரை நேசியுங்கள்" என்று அது உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. அவர்களுடைய அச்சம் யாது என்று கேட்டு, அந்த அச்சத்துக்கு மருந்து கொடுத்தது. அதனால் ஓட்டம் நின்றது.

நம் தமிழரும் வாழும் சிங்கப்பூர் இன்னொரு வழியைத் தேர்ந்தது. 1989 முதல் அரசாங்க அடுக்குமாடிகளில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இன்ன இனத்தவர் இத்தனை வீதத்துக்கு மேல் இருக்கலாகாது என்று வரம்பு விதித்தது. பெரும்பாலான வீடுகளை அரசே கட்டி விற்கும் நாட்டில் அது இயன்றது. வீட்டைத் தாயே மகளுக்குக் கொடுக்கும் நம் கரையில் அவ்விதி செல்லாது. நுரைச்சோலையில் விகிதாசாரம் பேசிய அனுபவமே அதற்குச் சான்று. நம்பிக்கை வளராத இடத்தில் கணக்கு மட்டும் வீடுகளை நிரப்பாது.

செய்யத் தக்கது

அப்படியாயின் நாம் வேண்டுவது என்ன? எல்லோரும் வீட்டைக் காலி செய்து கலந்து குடியேற வேண்டும் என்பதன்று. தாய்க்கு அருகில் மகள் வாழட்டும், அதில் பிழையில்லை. ஒதுங்கி வாழும் ஓர் ஊரை மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். அங்கே அயலார் ஒருவர் காணி வாங்க விரும்பினால், சட்டமும் ஊரும் அவரை அச்சமின்றி வாங்க விடுமா? இரவில் சைக்கிள் பழுதானால் அவர் அவ்வூர் வீட்டுக் கதவைத் தட்டுவாரா? அவ்வூரில் பெயர் சொல்லிக் கூப்பிடத் தக்க ஒருவராவது அவருக்கு உண்டா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் அவ்வூரைச் சுற்றி இருப்பது வேலி. "இல்லை" என்றால் மதில்.

நாம் கல்லூரியில் மாணவரைத் தம் ஊர்ப் படத்தை வரையச் சொல்வதுண்டு. தம் ஊரின் ஒழுங்கை, கிணறு, மாமரம் யாவற்றையும் குறிப்பர். அடுத்த ஊர் தொடங்கும் இடத்தில் காகிதம் வெறுமையாகிவிடும். நாள்தோறும் பேருந்தில் கடந்து வரும் ஊர் அது. அங்குள்ள ஒரு வீட்டையும் அவர்கள் அறியார். நாளை ஒரு வதந்தி பரவினால், அந்த வெறுமையான இடத்தில் எவரும் எதையும் வரைந்துவிடலாம். நம்மை வருத்துவது இதுவே. ஒரே மதத்தவர் பாடசாலையில் படித்து, ஒரே மதத்தவர் தெருவில் வளர்ந்து, பல்கலைக்கழகத்தில்தான் முதன்முதலாக அயலூர்ப் பிள்ளையோடு பேசுகிறார்கள்.

ஆகையால் அரசாங்கம் செய்ய வேண்டியது காணி உறுதியைத் தெளிவாக்குவதும், எந்த ஊரில் வாழ்ந்தாலும் காவல் ஒன்றே என்று காட்டுவதும், பங்கீட்டை ஊர் எல்லையோடு முடிச்சுப் போடாமல் தேவையோடு முடிச்சுப் போடுவதும் ஆகும். ஆசிரியர் செய்ய வேண்டியது, இரு ஊர்ப் பிள்ளைகளும் ஒன்றாக நிற்கும் விளையாட்டுத் திடலையும் தமிழ்த்தின மேடையையும் குறைக்காமல் கூட்டுவது. குடும்பங்கள் செய்யக் கூடியதும் ஒன்றுண்டு. அதற்குச் சட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம். நோன்புப் பெருநாளுக்கு ஒரு வீட்டுக்கும், தைப்பொங்கலுக்கு ஒரு வீட்டுக்கும் போய் வருதல். பாட்டன்மார் வைத்திருந்த அந்த உறவின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல்.

இடமில்லாத இக்கரையில் இனிக் கிடுகு வேலி வரப்போவதில்லை. கல் மதிலே நிற்கும். நிற்கட்டும். மதிலிலும் ஒரு பொட்டு வைக்கலாம். அதற்கு ஒரு கல்லைக் கழற்றினாற் போதும்.